உட்கார வைக்காத விளையாட்டு



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியவன் நான். நேரத்தை மதிக்கத் தெரியும்.

நம் ஊர்களில் ஆண்டு விழா என்றால் மியூசிக்கல் சேர் இல்லாமல் இருக்காது. அதைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் அவுட் ஆவது யார்? தயங்கி நிற்கிற, மெதுவாக ஓடுகிற பிள்ளை. யாருக்கு ஓட்டம் ரொம்பத் தேவையோ, அந்தப் பிள்ளையைத்தான் முதலில் ஓரமாக உட்கார வைக்கிறோம். நாலு தடவை இப்படி நடந்தால், "எனக்கு விளையாட வராது சார்" என்று அதுவே சொல்லிவிடும். ஐந்து வயதிலேயே!

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. "மூணு மணி நேரமா?" என்று மலைக்க வேண்டாம். நாள் முழுக்கப் பரவலாகச் சேர்ந்தால் போதும். சின்னப் பிள்ளை நம்மைப் போல வாக்கிங் போகாது. ஓடும், நிற்கும், குந்தும், மறுபடி ஓடும். அதற்கேற்ற ஆட்டம் வேண்டும்.

கல்லா மண்ணா அப்படிப்பட்டது. அங்கே வெளியேற்றமே கிடையாது. பிடிபட்ட பிள்ளைதான் அடுத்துத் துரத்த வேண்டும். அதிலும் ஒரு குறை உண்டு. மெதுவாக ஓடும் பிள்ளையே திரும்பத் திரும்பத் துரத்திக் கொண்டிருக்கும். அப்போது பிடிபட்டவர்களையும் கைகோத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சங்கிலி நீள நீள, யாரும் தனியாக நிற்பதில்லை.

மியூசிக்கல் சேரையும் திருத்தலாம். நாற்காலி கிடைக்காத பிள்ளை பத்துத் தவளைத் தாவல் தாவிவிட்டு மறுபடி வரட்டும். நாற்காலியை எடுக்கவும் வேண்டாம், பிள்ளையை எடுக்கவும் வேண்டாம். "அப்போ பரிசு யாருக்கு?" என்று பெற்றோர் கேட்பார்கள். ஆளுக்கொரு கடலை மிட்டாய், அவ்வளவுதான்!

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் ஆசிரியராகப் போவீர்கள். பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடைக் கடன் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், அது திரும்பி வராத கடன்.

விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். மாலை நிகழ்ச்சியில் குழந்தைகளுக்கு மியூசிக்கல் சேர் என்று போட்டிருக்கிறீர்கள். நாற்காலிகளை எங்களைப் போன்ற மூட்டுவலிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். பேரப் பிள்ளைகளை என்னிடம் அனுப்புங்கள். கோடு போடச் சுண்ணாம்புத் தூள் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.