விதைக்காதவர்களுக்கு வந்த நெல்லுக் காசு



அமெரிக்கா என்றதும் கோதுமையும் சோளமும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். ரெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்ரன் நகரத்துக்குத் தென்மேற்கே, வார்ட்டன் கவுண்டியில் நெல் விளைகிறது. கவுண்டி என்பதை எங்கள் மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கொலராடோ ஆறு அதனூடாகத்தான் கடலுக்குப் போகிறது. கிராண்ட் கன்யனைக் குடைந்த ஆறு வேறு, பெயர்தான் ஒன்று. இங்கே நெல் செய்பவர்களில் பலருக்குச் சொந்தக் காணி கிடையாது. குத்தகைக்கு எடுத்தே செய்கிறார்கள். இன்றைய கதைக்கு இதுதான் முக்கியம்.

1996ஆம் ஆண்டு அமெரிக்கா தன் விவசாய மானியச் சட்டத்தை மாற்றியது. ஒரு காணியில் முந்தி இத்தனை ஏக்கர் நெல் செய்யப்பட்டது என்ற பதிவு இருந்தால் போதும், இந்த வருடம் நெல் விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் பணம் வரும். நோக்கம் கெட்டதல்ல. விவசாயி அரசாங்கக் காசைப் பார்த்து அல்ல, சந்தையைப் பார்த்துப் பயிர் செய்யட்டும் என்றார்கள். ஏழு வருடத்தில் தொகையைக் குறைத்துக்கொண்டு வருவோம் என்றும் சொன்னார்கள். 1998இல் விலைகள் சரிந்தன. 2002இல் வந்த அடுத்த சட்டம் அந்தக் கொடுப்பனவைக் கைவிடவில்லை. நூறு இறாத்தல் நெல்லுக்கு 2.35 டொலர் என்று நிர்ணயித்தது. பதிவில் உள்ள ஏக்கர்களில் 85 வீதத்துக்கு அது கிடைக்கும். ஏக்கருக்கு 4,800 இறாத்தல் என்று பதிவிருந்தால், சும்மா கிடக்கும் ஏக்கருக்கும் ஏறக்குறைய 96 டொலர்.

இப்போது காணிக்காரரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். காசுக் குத்தகைக்குக் கொடுத்தால் மானியம் பயிர் செய்கிறவருக்குப் போகும். வாரத்துக்குக் கொடுத்தால் பங்கு பிரிக்கவேண்டும். குத்தகைக்காரரை எழுப்பிவிட்டால் முழுத் தொகையும் தனக்கே. வெள்ளம், வரட்சி என்ற கவலையும் இல்லை. எழுப்பாதவர்களும் மானியத்தைக் கணக்கில் வைத்துக் குத்தகையைக் கூட்டலாம். சேற்றில் நின்றவர் பாடு என்ன? அவர் மட்டுமல்ல, நெல் காயவைக்கும் நிலையம், ஆலை, உரம் தூவுகிற விமானக்காரர் எல்லோருடைய பிழைப்பும் விதைத்த ஏக்கர்களை நம்பியே இருந்தது.

காணிகளைத் துண்டுபோட்டு வீடு கட்ட விற்றபோது மானிய உரிமையும் கூடவே போனது. வீட்டுக்குப் பின்னால் புல் வளர்த்தவருக்கும் நெல்லுக் காசு வந்தது. 2006 ஜூலையில் வொஷிங்டன் போஸ்ற் பத்திரிகை இதை வெளியில் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதும் விவசாயமே செய்யாதவர்களுக்குக் குறைந்தது 130 கோடி டொலர் போயிருக்கிறது என்பது அதன் கணக்கு. இதில் சட்டத்தை மீறியவர் யாருமில்லை, சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

2008இல் பத்து ஏக்கர் அல்லது அதற்குக் குறைந்த பதிவுள்ள காணிகளைப் பொதுவாக நிறுத்தினார்கள். 2014இல் அந்த நேரடிக் கொடுப்பனவே ஒழிந்தது. 2018 சட்டம், 2009 முதல் 2017 வரை முழுக்கப் புல்லாகவே கிடந்த காணிகளுக்கும் கொடுப்பனவை நிறுத்தியது. இப்போது பெரும்பாலும் சந்தை விலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் பணம். நெல்லுக்கு 14 டொலராக இருந்த அந்த எல்லையை 2025இல் 16.90 ஆக உயர்த்தினார்கள். ஆனால் இன்றும் கணக்குப் பார்ப்பது காணியின் பழைய பதிவை வைத்துத்தான். அதனால் வார்ட்டனில் குத்தகை பேசும்போது நிலத்தோடு அந்தப் பதிவுக்கும் சேர்த்தே விலை பேசவேண்டியிருக்கிறது.