வங்கக்கடலுக்கு மேலே போனவர்கள்



1945 மே 2. ஐரோப்பாவில் போர் முடிய ஒரு வாரம்கூட இல்லை. இங்கே கிழக்கில், ரங்கூனைப் பிடிக்க நேசப்படைகள் கடல் வழியாக இறங்கிய நாள். அன்றைக்கு வங்கக்கடலுக்கு மேலே ஒரு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் தீப்பிடித்துக் கடலில் விழுந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 355-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த விமானம் அது. பார்வையாளராக அதில் போயிருந்தவர் விங் கமாண்டர் ஜேம்ஸ் நிக்கல்சன். வயது 28.

பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்த பெயர் அது. 1940 ஆகஸ்ட் 16 அன்று சவுத்தாம்ப்டன் நகருக்கு மேலே அவருடைய ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டது. பெட்ரோல் டாங்க் எரிகிறது, கால் காயம், கண்ணில் ரத்தம் வழிகிறது. குதிக்கத் தயாராகும் நேரத்தில் எதிரி விமானம் ஒன்று குறுக்கே வந்தது. நிக்கல்சன் திரும்ப இருக்கையில் உட்கார்ந்து, கை வெந்துகொண்டிருக்கும்போதே அதைச் சுட்டுவிட்டுத்தான் குதித்தார். அதற்காக விக்டோரியா கிராஸ் கிடைத்தது. போர் முழுவதிலும் அந்த நாட்டுப் போர்விமானப் பிரிவில் அந்தப் பதக்கம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அப்படிப்பட்டவருக்குக் கல்லறை இல்லை. உடல் கிடைக்கவில்லை. மெரினாவில் நாம் கால் நனைக்கிற இதே கடல்தான் அவரை வைத்திருக்கிறது. அவர் பெயர் சிங்கப்பூரில், கிராஞ்சி நினைவகத்துத் தூண் ஒன்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தெற்கு, கிழக்கு ஆசிய வானத்திலும் சுற்றியுள்ள கடல்களிலும் காணாமல்போன விமானிகள் எல்லோருக்கும் அங்கேதான் இடம். தரைப்படையினரையும் சேர்த்து 24,000 பெயர்களுக்கு மேல். 1957 மார்ச்சில் திறந்தார்கள். சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருமுறை போய்ப் பாருங்கள். கூரை ஒரு விமானத்தின் இறக்கை மாதிரி விரிந்திருக்கும்.

இது வேறு நாட்டுக்காரர்களின் போர், நமக்கென்ன என்று கேட்கலாம். 1942 ஏப்ரலைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூர் பிப்ரவரியில் விழுந்தது, ரங்கூன் மார்ச்சில். ஏப்ரலில் ஜப்பானின் அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்துவிட்டார். ஏப்ரல் 4 மாலை, இலங்கையின் கொக்கலை ஏரியிலிருந்து ரோந்து போன கட்டலினா விமானம் ஒன்று அந்தக் கப்பற்படையைக் கண்டது. ஓட்டிப் போனவர் கனடாக்காரர், லெனார்ட் பெர்ச்சால். கப்பல்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். பெர்ச்சாலும் மற்றவர்களும் ஜப்பானியர் கையில் சிக்கிப் போர் முடியும்வரை சிறையில் கிடந்தார்கள். ஆனால் செய்தி கொழும்புக்குப் போய்விட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. குண்டு விழுந்தபோது துறைமுகத்தில் பல கப்பல்கள் இல்லை, முன்கூட்டியே வெளியே அனுப்பியிருந்தார்கள்.

ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. இரண்டுமே அன்றைக்கு சென்னை மாகாணத்து ஊர்கள். கவர்னர் ஆர்தர் ஹோப் சென்னையைக் காலி செய்யச் சொன்னார். அரசு அலுவலகங்கள் வெளியூருக்குப் போயின. தாத்தா பாட்டிகள் சொன்ன அந்த 'இவாக்குவேஷன்' கதை இதுதான். பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு எழும்பூரில் ரயிலுக்கு நின்ற கதை ஏதாவது ஒன்று நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் இருக்கும்.

ஏப்ரல் 9. திருகோணமலை தாக்கப்பட்டது. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதே காலையில், 11-ஆம் ஸ்குவாட்ரனின் ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் காவலுக்கு ஒரு போர்விமானம்கூட இல்லாமல் நகுமோவின் கப்பல்களைத் தேடிப் போயின. கண்டுபிடித்துக் குண்டும் போட்டன. ஒன்றுகூடக் கப்பலில் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. போர் தொடங்கியதிலிருந்து அந்தக் கப்பற்படையின் மேல் யாராவது வானத்திலிருந்து குண்டு போட்டது அதுதான் முதல் தடவை. நான் படித்தவற்றில் மனதை விட்டுப் போகாத பக்கம் இது. ஜெயித்தவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறி தப்பிச் செத்தவர்களை யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு.

ஜப்பான் வந்துவிடும் என்ற பயத்தில்தான் தமிழ்நாட்டில் ஓடுபாதைகள் முளைத்தன. இந்தியா முழுக்க 200-க்கும் மேற்பட்ட விமானத் தளங்கள் போட்டார்கள். சோழவரம், உளுந்தூர்பேட்டை, அரக்கோணம், தஞ்சாவூர், கயத்தாறு, செட்டிநாடு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். சோழவரத்து ஓடுபாதையில்தான் பிறகு கார் பந்தயம் நடந்தது. புழல் ஏரி இருக்கிறதே, நமக்குக் குடிதண்ணீர் தருகிற செங்குன்றம் ஏரி, அது அப்போது நீர்விமானத் தளம். 240, 191 என்ற எண்கள் கொண்ட ஸ்குவாட்ரன்களின் கட்டலினாக்கள் அந்தத் தண்ணீரில்தான் இறங்கி ஏறின. நீர்மூழ்கிகளைத் தேடி மணிக்கணக்காகக் கடல்மேல் சுற்றுவார்கள். எதிரி பிடித்துவைத்திருந்த கரைகளில் இரவோடு இரவாக உளவாளிகளை இறக்கிவிடுகிற ரகசிய வேலையும் இங்கிருந்தே நடந்தது. சென்னையின் தெற்கே, பரங்கிமலையை ஒட்டி மீனம்பாக்கத்திலும் விமானப்படை இருந்தது. அதற்கு வெகு முன்பே, 1910-இல், மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டேஞ்சலிஸ் தானே வடிவமைத்து சிம்சன் கம்பெனியில் செய்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டிருக்கிறார். இந்தத் தென்புறநகருக்கும் வானத்துக்கும் உறவு பழையது.

சரி, இறந்தவர்கள் எங்கே? உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோவது அப்போது கிடையாது. முதல் உலகப் போரிலேயே பிரிட்டன் எடுத்த முடிவு அது. விழுந்த மண்ணிலேயே புதைத்தார்கள். தென்னிந்தியாவில் கண்டோன்மென்ட் கல்லறைத் தோட்டங்களிலும் சர்ச் வளாகங்களிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை, நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று கண்ட இடங்களிலிருந்து எடுத்து, ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் மவுண்ட் பூந்தமல்லி சாலையில், நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறை. 1952-இல் அமைந்தது. 856 பேர் அங்கே இருக்கிறார்கள். பின்பக்கம் ஒரு நினைவுச் சுவர். முதல் உலகப் போரில் இறந்து, இந்தியாவில் அங்கங்கே புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. கத்திப்பாராவில் திரும்பி அந்தச் சாலையில் நூறு தடவை போயிருப்போம்.

உள்ளே போனால் ஒரு கல்லின் முன்னால் நின்று மேலிருந்து கீழே படியுங்கள். முதலில் படைச் சின்னம்: விமானப்படை என்றால் கிரீடமும், வட்டத்துக்குள் இறக்கை விரித்த பறவையும். அடுத்து படை எண், பதவி, பெயர். பறக்கிறவர் என்றால் அவருடைய வேலையும் இருக்கும்: விமானி, வழிகாட்டி, வயர்லெஸ் இயக்குபவர், துப்பாக்கிக்காரர். பிறகு இறந்த தேதி, வயது. கடைசியில், கீழ் விளிம்பில், சில கற்களில் மட்டும் ஒரு சின்ன வரி இருக்கும். அது வீட்டார் எழுதச் சொன்னது. அரசு எழுத்துக்கு நடுவே அம்மாவோ மனைவியோ பேசுகிற இடம் அது ஒன்றுதான். முதல் போரில் அதற்கு 66 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தார்கள், இடைவெளியும் அதில் சேர்த்தி.

பக்கத்துப் பக்கத்துக் கற்களில் ஒரே தேதி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பெரும்பாலும் ஒரே விமானம். சில கல்லறைகளில் கற்களை இடைவெளி இல்லாமல் தோளோடு தோள் ஒட்டி நட்டிருப்பார்கள். யாருடைய உடல் எது என்று பிரிக்க முடியாமல் சேர்த்துப் புதைத்தார்கள் என்று அர்த்தம். எல்லோரும் சண்டையில் செத்தவர்களும் இல்லை. மலேரியா, டைபாய்டு, ஏறும்போதோ இறங்கும்போதோ நடந்த விபத்து என்று இங்கே போனவர்கள் நிறைய.

ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல். 1917-இல் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் அடிப்படை விதி இது. பணக்காரக் குடும்பங்கள் எதிர்த்தும் ஆணையம் விட்டுக்கொடுக்கவில்லை. நான் மனமார மதிக்கிற முடிவு. இதே ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள் முதலானவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர்வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை. ஆசியர்கள், ஆப்பிரிக்கர்கள் 45,000 முதல் 54,000 பேருக்கு மற்றவர்களுக்குச் சமமாகச் செய்யவில்லை. நந்தம்பாக்கத்துக் கல்லைப் பார்த்து மனம் இளகுகிற அதே நேரத்தில் இதையும் சொல்லாமல் விட்டால், வரலாற்றைப் பாதிதான் சொன்னதாகும்.

சென்னையின் பெயரே வானத்தில் பறந்திருக்கிறது. இந்த மாகாணம் போர்நிதிக்குக் கொடுத்த பணத்துக்காக, பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 என்ற மூன்று ஸ்குவாட்ரன்கள் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைச் சுமந்தன. 264-ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டிய டிஃபையன்ட் விமானத்தில் விமானிக்கு முன்பக்கம் சுடத் துப்பாக்கி கிடையாது. பின்னால் சுழலும் கூண்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து சுடுவார். விமானம் விழுந்தால் அவர் அந்தக் கூண்டிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு. 1940 ஆகஸ்ட் கடைசியில் சில நாட்களிலேயே பலரைப் பறிகொடுத்து, பகல் சண்டையிலிருந்து அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 79-ஆம் ஸ்குவாட்ரன் 1942-இல் இந்தியாவுக்கே வந்து பர்மா எல்லையில் சண்டை போட்டது. போர்நிதிக்கு மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு, அதிகாரிகள் கேட்டதால் தட்ட முடியாமல் கொடுத்தவர்களும் உண்டு. இந்தப் போருக்கு ஆளும் தரமாட்டோம், பணமும் தரமாட்டோம் என்று 1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கினார். ஒருபக்கம் நம் ஆட்கள் சிறைக்குப் போகிறார்கள், மறுபக்கம் நம் காசில் பெயர் வாங்கிய விமானத்தில் இருபது வயதுப் பையன்கள் எரிந்து விழுகிறார்கள். இரண்டும் நம் வரலாறுதான்.

காணாமல்போனவர்களைத் தேடவே பிரிட்டிஷ் விமானப்படை 1944-இல் ஒரு தனிப் பிரிவு தொடங்கியது. 40,000-க்கும் மேற்பட்ட விமானிகள் கணக்கில் வராமல் இருந்தார்கள். வயல்வெளி, காடு, கிராமத்து இடுகாடு என்று போய், கிராமத்தாரை விசாரித்து, சட்டைப் பொத்தானையும் எஞ்சின் நம்பரையும் வைத்து அடையாளம் கண்டார்கள். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தினசரி எழுதிய குறிப்பேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை மணிக்குத் திரும்பினார். திரும்பாதவர்களுக்கு அந்தக் கடைசிக் கட்டம் காலியாகவே நிற்கும். கல்லறை எழுத்துகளைப் பொறுத்தவரை, ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905-இல் புத்தகமாகவே போட்டார். பல கற்கள் இன்று தேய்ந்துபோய்விட்டன. வாசகம் அவர் புத்தகத்தில் இருக்கிறது.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பயிற்சி விமானச் சத்தம் பழகிய சத்தம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களைத் தயார்செய்யும் இந்திய விமானப்படைப் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. 2016 ஜூலை 22 காலை, இந்தத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக்கடலுக்கு மேலே காணாமல்போனது. ஏழு ஆண்டுக்கு மேல் ஒரு தடயமும் இல்லை. 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது: 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகள் படமெடுக்கப்பட்டிருக்கின்றன, ஏ.என்.-32 வகையோடு அவை ஒத்துப்போகின்றன. கண்டுபிடித்தது தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலம். அந்தக் கழகம் இருப்பது வேளச்சேரி தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில். கிளம்பிய இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். நிக்கல்சன் காலத்தில் இப்படி ஒரு கருவி இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடலடியில் இன்னும் எத்தனை குடும்பங்களுக்குப் பதில் கிடைத்திருக்கும்!

இனி நம் பக்கத்து வேலை. அந்த ஓடுபாதைகளுக்குக் கூடையில் ஜல்லி சுமந்த ஆண்கள், பெண்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. விமானப்படையில் பிட்டராக, சமையல்காரராக, எழுத்தராக இருந்த தமிழர்களின் கதை பெரும்பாலும் டிரங்குப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படிப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பணி விடுப்புச் சான்றிதழ், சம்பளப் புத்தகம், குரூப் போட்டோ எதுவாக இருந்தாலும் சரி. பதக்கம் இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், பெயரும் எண்ணும் பொறித்திருக்கலாம். பாலிஷ் போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதாமல் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்தத் தளம், எந்த ஆண்டு. வீட்டில் அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் பேசுவதை இந்த ஞாயிற்றுக்கிழமையே போனில் பதிவு செய்துவிடுங்கள்.