பின்னால் ஒரு சிவப்பு விளக்கு



மாரி மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் வாகரைப் பக்கம் பனி இறங்கத் தொடங்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, அதற்கும் அப்பால் ஈரம் காயாத வயல். இரவில் வானம் தெளிந்து, காற்றும் அடங்கி, நிலம் குளிர்ந்தால் போதும். விடியும்போது தரையோடு ஒட்டிப் பனி மூடிக் கிடக்கும். சில நாட்களில் பனிச்சங்கேணிப் பாலத்தில் எதிரே வருகிற ஆள் கிட்ட வந்த பிறகுதான் தெரிவார்.

அந்த நேரத்தில் வீதியில் யார் போகிறார்கள்? களப்பில் வலை எடுத்த கையோடு மீனைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர், வயலுக்குப் போகிறவர், காலை வகுப்புக்குப் போகிற பிள்ளை. முக்கால்வாசிப் பேர் சைக்கிளில். அதே வீதியில்தான் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடுகிற பஸ்ஸும் லொறியும் வருகின்றன. முன்னொரு காலம் இந்த ஏ15 வீதியில் வெருகலிலும் கிண்ணியாவிலும் படகுப் பாதைக்காகக் காத்து நின்று தண்ணீரைக் கடக்க வேண்டியிருந்தது. அதனால் தூரப் பயணம் போகிற வாகனமும் குறைவு, வேகமும் குறைவு. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது, வீதிக்குக் காப்பெட் போட்டார்கள். நமக்குக் கிடைத்த நல்ல காரியம் இது. ஆனால் வீதி மாறிய அளவுக்கு நம்முடைய சைக்கிள் மாறவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். சாரதி உங்களைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஏறக்குறைய 25 மீற்றர் போய்விடும். நனைந்த வீதியில் முழுதாக நிறுத்த 50 மீற்றருக்கு மேல் வேண்டும். பனியில் அவருக்கு 30 மீற்றர்தான் தெரிகிறது என்றால்? சைக்கிளும் முன்னே நகர்ந்துகொண்டிருப்பதால் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அதை நம்பி உயிரை வைக்க முடியாது.

"என்ட சைக்கிளில ரிஃப்ளெக்டர் இருக்குதானே" என்று பலர் சொல்வார்கள். இருக்க வேண்டும், நல்லது. மழையில்லாத தெளிந்த இரவில் அது நன்றாகவே வேலை செய்யும். பனியில் அதன் கதை வேறு. ரிஃப்ளெக்டருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வாகனத்தின் வெளிச்சம் பனியைக் கிழித்துக்கொண்டு அதுவரை வர வேண்டும், பட்டுத் திரும்பி மறுபடியும் அதே பனிக்குள்ளால் சாரதியின் கண்ணுக்குப் போக வேண்டும். உங்கள் சைக்கிளில் எரிகிற விளக்கின் வெளிச்சம் அந்தத் தூரத்தை ஒருமுறை கடந்தால் போதும். இடையிலுள்ள பனி வெளிச்சத்தில் பாதியை விழுங்குகிறது என்று வையுங்கள். உங்கள் விளக்கு பாதியாகத் தெரியும். ரிஃப்ளெக்டரோ காற்பங்காகத்தான் தெரியும். பனி கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும். ஆகவே பனிக் காலத்தில் பின்னால் எரிகிற ஒரு சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும் என்பதே நான் இன்றைக்குச் சொல்ல வந்த விசயம்.

களப்புக்குப் போகிறவர்கள் பலர் தலையில் டோர்ச் கட்டியிருப்பார்கள். அது முன்னால் வருகிறவருக்குத் தெரியும். பின்னால் வருகிற லொறிக்கு அந்த ஆள் வெறும் இருட்டு. அதற்காக வெள்ளை டோர்ச்சைத் திருப்பிப் பின்னால் கட்டிவிடாதீர்கள். எதிரே ஏதோ வாகனம் வருகிறது என்று சாரதி குழம்பிப் போவார். விளக்கு வாங்க வசதியில்லாத நாளில், சின்ன டோர்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக் கட்டினாலும் இல்லாததற்கு மேல்.

எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். நம்மூர்ச் சைக்கிளின் கரியரைப் பாருங்கள். மீன் வைத்த ரெஜிபோம் பெட்டி, இல்லையென்றால் விறகுக் கட்டு, இல்லையென்றால் நெல் மூட்டை. சைக்கிள் கடைக்காரர் மட்காட்டில் பூட்டித் தந்த ரிஃப்ளெக்டர் அந்தச் சுமைக்குக் கீழே மறைந்துபோகிறது. விறகு நீளமாக இருந்தால் சீட்டுக்குக் கீழே கட்டிய விளக்கும் தெரியாது. சுமையின் கடைசி நுனியில் விளக்கைக் கட்டுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் இரண்டு ஒட்டுங்கள். மீன் தண்ணீரும் சேறும் படிந்தால் ஸ்டிக்கருக்குப் பலன் போய்விடும், ஆகவே சாரத்து நுனியாலாவது துடைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பழைய றலி சைக்கிள் வைத்திருக்கிற வீடுகளில் பின் மட்காட்டின் நுனி வெள்ளையாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அழகுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். சைக்கிள் பின்னாலிருந்து தெரிய வேண்டும் என்று பிரித்தானியாவில் 1934இல் போட்ட சட்டம் அது. பின்னர் உலகப் போரில் தெரு விளக்குகளை எல்லாம் அணைத்தபோது வெள்ளைப் பூச்சு போதாமல் போய், பின் விளக்கையே அங்கு கட்டாயமாக்கினார்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்புச் சட்டை பளிச்சென்று தெரியும் என்பது பகல் வெளிச்சத்துக்குத்தான் பொருந்தும். மங்கலில் நம் கண்ணுக்குச் சிவப்பு கறுத்துப்போகும். வெள்ளை உடுப்பு இருட்டில் நல்லது, ஆனால் விடிந்த பிறகு வெண்பனிக்குள் அது கரைந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதில்தான் அகப்படுகிறார்கள். பிள்ளையின் புத்தகப் பைக்கு மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த பளீர் நிறத் துணி ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் குயீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேறு வாகனம் வராத மூடிய பாதையில், இரவில் ஒரு சோதனை செய்து 2012இல் வெளியிட்டார்கள். கறுப்பு உடுப்புப் போட்ட சைக்கிள்காரரைச் சாரதிகள் அடையாளம் கண்டது 100க்கு 2 தடவை. ஒளி திருப்பும் மேலங்கி போட்டவரை 50 தடவை. அந்த மேலங்கியோடு கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளி திருப்பும் பட்டி கட்டியவரை 90 தடவை. காரணம் மிதிக்கிற கால்தான். மேலும் கீழும் போகிற அந்த அசைவைக் கண்டதும் இது மனிதன் என்று கண் பிடித்துக்கொள்கிறது. சாரத்தையோ காற்சட்டையையோ சங்கிலியில் சிக்காமல் மடித்துக் கட்டுகிறோம் அல்லவா, அந்த இடத்தில் ஒளி திருப்பும் பட்டி ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

சாரதித் தம்பிமாருக்கும் ஒரு சொல். பனியில் பெரிய லைட்டைப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே வந்து விழும். தாழ்த்திப் போடுங்கள், வேகத்தையும் தாழ்த்துங்கள். பாலத்தில் சைக்கிள்காரர் ஒதுங்குவதற்கு மண்கரை கிடையாது. அவர் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் பின்னால் பொறுத்து வாருங்கள்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, விடிய எழும்பிப் போகிற சைக்கிள் இப்போது உங்கள் முற்றத்தில்தான் நிற்கிறது. சுமையை ஏற்றி வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, பின்பக்கம் என்ன தெரிகிறது என்று இன்றிரவே ஒருமுறை பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால், விளக்குக் கட்டாமல் அந்தச் சைக்கிளை நாளைக் காலை வீதிக்கு விடாதீர்கள்.