மனைவியின் காணியும் கணவனின் ஒப்பமும்

(மருதனார்மடத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



ஆண்மை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். வீரம், கொடை, மானம் என்று மேடைகளில் அடுக்கப்படும் சொற்களை நான் எடுக்கப்போவதில்லை. யான் தொழிலால் உறுதி எழுதுபவன். உறுதியின் அடியில் இடப்படும் ஒப்பமொன்றைப் பற்றியே பேசுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவி தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க எண்ணினாள். அது அவளுடைய தாய்வழி வந்த நிலம். என் பணம் ஒரு சதமும் அதிற் சேரவில்லை. ஆயினும் என் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை விற்க அவளால் இயலவில்லை. நான் ஒப்பமிட்டேன். அவ்வேளை என் உள்ளத்தில் எழுந்தது வெட்கமன்று, பெருமை. எனக்கு உரியதல்லாத ஒன்றை நானே ஈந்துவிட்டதாக ஒரு பெருமை! வீடு திரும்பும் வழியில் அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தின் பொருளை உணர எனக்கு நெடுநாட் சென்றது.

இச்சம்மதத்தைக் கேட்பது யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதன் ஆறாம் பிரிவு, மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்று முதலிற் சொல்கிறது. நகையை அவள் தன் விருப்பப்படி விற்கலாம். மரணசாதனத்தால் நிலத்தையும் விரும்பியவர்க்கு எழுதி வைக்கலாம். ஆனால், உயிரோடிருக்கும்போது அந்நிலத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இறந்தபின் உள்ள சுதந்திரம் இருக்கும்போது இல்லை! கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியைக் கேட்க வேண்டியதில்லை. இலங்கையின் பிற பகுதிப் பெண்கள் பலரை இத்தகைய தளையினின்று விடுவித்த 1923 ஆம் ஆண்டுச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்களைத் தொடாது விட்டது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் வேறுபாடு காட்டலாகாது என்கிறது. 16 ஆம் உறுப்புரையோ, முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது.

கமக்காரர் நிறைந்த இச்சபையில் இதனை விளக்கவும் வேண்டுமோ? இச்செம்மண்ணில் வெங்காயம் நடுவதும் களை பிடுங்குவதும் பெரும்பாலும் பெண்களின் கைகள். அக்கைகளுக்குக் கூலி குறைவு என்பதும் நாம் அறிந்ததே. தன் சீதனத் தோட்டத்திற் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வேண்டி அக்காணியை ஈடுவைக்க ஒருத்தி முன்வந்தால், முதற் கேள்வி விளைச்சலைப் பற்றியதன்று. கணவன் எங்கே என்பதே.

கணவன் எங்கே! 2009 இல் முடிந்த போருக்குப் பின், இக்கேள்விக்கு விடையறியாத பெண்கள் நம் மண்ணில் எத்தனை பேர்! கணவன் கைவிட்டாலும், இருக்குமிடம் தெரியாவிட்டாலும், நியாயமின்றி மறுத்தாலும் மாவட்ட நீதிமன்றம் அனுமதி அளிக்கலாம் என்று அதே சட்டம் வழி சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால், தேடித் தேடிக் கால் தேய்ந்தவள், தன் தாய் கொடுத்த நிலத்துக்காக மீண்டும் ஒரு வாசலில் நின்று, அவன் இல்லை என்பதை மெய்ப்பிக்க வேண்டும். வழக்குச் செலவு வேறு.

தேசவழமை நம் இனத்தின் அடையாளம், அதிற் கைவைத்தால் எஞ்சியதும் போய்விடும் என்று நண்பர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நான் இகழேன். ஆயினும் வரலாற்றைப் பாருங்கள். 1707 இல் அதனைத் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி. சரிபார்த்தவர் பன்னிரு தமிழ் முதலிமார். ஒரு பெண்ணையும் எவரும் கேட்டதாக இல்லை. பின்னர் 1911 இலும் 1947 இலும் அது திருத்தப்பட்டது. அப்போதெல்லாம் இனம் அழியவில்லை. தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும் அந்தப் பழைய வழமையன்றோ நம் அடையாளம்? அது இருக்கட்டும். சம்மதம் கேட்கும் ஒரு தொடரை மட்டும் நீக்கினாற் போதும்.

நம் தயக்கம் புதியதன்று. 1913 இல் இம்மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அக்கொடைக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். அதே பெரியார், டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமையை எதிர்த்தார். 1931 இல் வாக்குரிமை வந்தது. வானம் இடிந்து விழவில்லை. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார். பெண் கற்கலாம், முடிவெடுத்தல் மட்டும் ஆகாது என்னும் அம்மனம் இராமநாதனோடு முடிந்துவிடவில்லை. மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அவள் பெயரிற் காணியும் எழுதி, அதன் சாவியை மருமகன் கையிற் கொடுக்கும் நம்மிடமும் அதுவே இருக்கிறது.

பெண்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் திருத்தம் இது. ஆண்களாகிய நாம் கேட்டதுதான் குறைவு. ஆறாம் பிரிவைத் திருத்துமாறு பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு விண்ணப்பம் வரைந்துள்ளேன். வாசலருகே மேசைமீது இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துச் சென்று மனைவியரோடு வாசித்து, குறைகண்டால் திருத்தி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள்.