எடுத்து வளர்த்த பிள்ளை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



வைத்தியர் என்றதும் நீரிழிவைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் அது வேண்டாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் அவர்களை எடுத்து வளர்ப்பவர்களையும் பற்றிப் பேசுகிறேன்.

எமது நாட்டில் மகவேற்புக் கட்டளைச் சட்டம் 1941இலேயே வந்துவிட்டது. நீதிமன்றம் கட்டளையிட வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் அதன் சம்மதமும் வேண்டும். ஆனால் எனது கிளினிக்குக்கு வந்த பலர் நீதிமன்றப் படி ஏறியவர்கள் அல்லர். மாந்தை மேற்கிலிருந்து இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து ஊர் திரும்பியவர்கள். அக்காவின் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த சித்திமார், பேரப்பிள்ளையோடு வந்த அம்மம்மாமார்.

அப்படியொரு சித்தி. (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.) பையன் பாண் துண்டுகளைத் தலையணைக்குள் ஒளிக்கிறான், எறும்பு மொய்க்கிறது, "கள்ளப் பழக்கம் டொக்டர்" என்றார். எங்கள் உளவளத்துணையாளர் பையனைத் திருத்தப் போகவில்லை. "அவனுக்கென்று ஒரு பிஸ்கற் ரின் கொடுங்கள், அது வெறுமையாகாமல் பாருங்கள், ஏசாதீர்கள்" என்றார். பிறகு பல கிழமைகள் சித்தியோடுதான் பேசினார். அக்காவுக்காக அழ அவருக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை. குடும்ப உளவியலாளரின் வேலையில் பாதி இதுதான்: பிள்ளையைச் சாட்டி வளர்ப்பவரின் துக்கத்தைக் கேட்பது.

ரின் வெறுமையாகாது என்று பையன் நம்புவதற்கு எட்டு மாதம் எடுத்தது. ருமேனிய அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக் குடும்பங்களுக்கு வந்த பிள்ளைகளை மைக்கேல் ரட்டரின் குழு நீண்டகாலம் அவதானித்தது. ஆறு மாத வயதுக்கு முன் வந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறினார்கள். பிந்தி வந்தவர்களில் பலருக்குச் சிரமம் நீடித்தது. அவர்களிலும் சிலர் ஒரு குறையுமின்றி வளர்ந்தார்கள். "நான் எங்கே பிழை விட்டேன்" என்று கேட்கும் தாய்மாருக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

அவர்கள் கேட்கும் மற்றக் கேள்வி: "எப்போது சொல்வது?" பேசத் தொடங்கும் வயதிலிருந்தே, கதை சொல்வதுபோல, வளர்க்கும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ ஊருக்குத் தெரியாத இரகசியம் ஏது? நீங்கள் சொல்லாவிட்டால் சாதாரணதரப் பரீட்சைக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடும் நாளில் பிள்ளைக்குத் தெரியவரும். அல்லது யாராவது சொல்லுவார்கள்.

அந்த யாரோ ஒருமுறை நானாக இருந்தேன். எட்டாம் வகுப்பு, வலைப்பந்து விளையாட்டில் சண்டை. வீட்டில் பெரியவர்கள் கதைத்தது காதில் விழுந்திருந்தது. "நீ எடுத்து வளர்த்த பிள்ளைதானே" என்று கத்தினேன். அவளுக்கு அதுவரை தெரியாது. பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள், என் பக்கத்து வாங்கில்தான் இருந்தாள், என்னோடு மட்டும் கதைக்கவில்லை. அடுத்த தவணைக்கு முன் அவர்கள் குடும்பம் படகேறி இராமேஸ்வரம் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை; பதின்மூன்று வயது என்று இன்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த மலர் எல்லா நாடுகளுக்கும் போகும் என்று மலர்க்குழுவினர் சொன்னார்கள். அவள் பெயரை இங்கே நான் சொல்லவில்லை. வாசித்தால் அவளுக்குத் தெரியும். என் தொலைபேசி இலக்கம் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது.