உபவாச நாளில் உண்ணச் சொன்ன ரபி

(பெண்கள் ஐக்கிய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உபவாசத்தைப் பற்றிப் பேசக் கேட்டார்கள். நான் வேதபாட ஆசிரியை அல்ல, தாதி. கண்டதைத்தான் சொல்ல முடியும்.

இந்த நாட்டுக்கு வந்து தாதிப் பயிற்சி முடித்தபின், வீடுவீடாகச் சென்று நோயாளரைப் பார்க்கும் வேலையில் இருந்தேன். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சிறு நகரம். அங்கே யூத முதியவர் ஒருவருக்கு இன்சுலின் போடப் போவேன். அவர்களுடைய ஜெப ஆலயத்தில் மிஞ்சியிருந்தவை சில குடும்பங்களே. அவர்கள் முறைப்படி பத்து ஆண்கள் கூடினால்தான் தோரா சுருளை எடுத்து வாசிக்கலாம். மரித்தவர்களை நினைத்துச் சொல்லும் கதீஷ் ஜெபமும் அப்படியே. ஓய்வுநாளில் வாகனம் ஓட்டமாட்டார்கள். ஆதலால் ஐயா மழையிலும் பொல்லை ஊன்றி நடந்தே போவார். "நான் போகாவிட்டால் ஒன்பது பேர்" என்பார்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். டிசம்பர் மாதத்தில் அது பிற்பகல் மூன்றரை மணி! அதன்பின் ஐயா லைற் சுவிட்சைத் தொடமாட்டார், பேனா பிடிக்கமாட்டார். சனிக்கிழமைகளில் என் பதிவுத்தாளில் அவருடைய கையொப்பம் இராது. முதலில் எனக்கு எரிச்சல்தான். மேசையில் இரண்டு பின்னல் ரொட்டிகள் துணியால் மூடியிருக்கும். வனாந்தரத்தில் ஆறாம் நாளில் மன்னா இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவாம். யாத்திராகமத்தைச் சின்ன வயதிலிருந்து வாசித்த எனக்கு அது அந்த மேசையில்தான் விளங்கியது.

ஓய்வுநாள் மகிழ்ச்சியின் நாள். அதனால் தேவாலயம் இடிக்கப்பட்டதற்காகத் துக்கிக்கும் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் சனிக்கிழமையில் வந்தால், உபவாசத்தை ஞாயிறுக்குத் தள்ளிவிடுவார்கள். 2022இல் அப்படித்தான் நடந்தது. பாவநிவிர்த்தி நாள் மட்டும் எதற்காகவும் தள்ளிப்போகாது. ஏறக்குறைய 25 மணி நேரம் தண்ணீரும் இல்லை. 2024இல் அந்த நாள் ஒக்டோபர் 12, சனிக்கிழமை.

ஐயா உபவாசம் இருப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். "அறுபது வருடமாக இருந்திருக்கிறேன்." வைத்தியர் சொல்லியும் கேட்கவில்லை. நான் ரபியைக் கேளுங்கள் என்றேன். அவர் என்ன, விசுவாசத்தில் நில் என்றுதானே சொல்லப்போகிறார் என்று உள்ளுக்குள் பயம்.

ரபி சொன்னது வேறு. உயிருக்கு ஆபத்தென்றால் உண்பதே அன்று உங்களுக்குக் கட்டளை, உபவாசம் இருந்தால்தான் மீறுதல் என்றார். இது அவருடைய சொந்த யோசனை அல்ல. மிஷ்னாவில் யோமா என்ற பகுதியிலேயே இருக்கிறது: நோயாளிக்கு வைத்தியர் சொல்படி உணவு கொடுக்கவேண்டும், வைத்தியர் இல்லாவிட்டால் நோயாளியின் சொல்லே போதும். 1848இல் வில்னாவில் காலரா பரவியபோது, ரபி இஸ்ரவேல் சலாந்தர் அந்தப் பரிசுத்த நாளிலேயே மக்களைச் சாப்பிடச் சொன்னார்.

ரபி அளவும் சொன்னார். ஒருமுறைக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைவாக, ஒன்பது நிமிடமளவு இடைவெளி விட்டு. அது போதாவிட்டால் கணக்குப் பார்க்காமல் உண்ணவேண்டும். வெள்ளி பிற்பகல் மருந்துக் கிண்ணங்களில் ரொட்டித் துண்டுகளையும் ஆப்பிள் சாற்றையும் அளந்து அடுக்கிவைத்தேன். ஐயா அழுதார். பசிக்காக அல்ல, மற்றவர்களோடு சேர்ந்து பசித்திருக்க முடியவில்லையே என்று. அந்த அழுகைக்கு என்னிடம் மருந்து இல்லை.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நம் உபவாச ஜெபத்தில் சீனி வருத்தமுள்ள அன்ரி ஒருவர் மயங்கி விழுந்தார். குளிசையை விழுங்கிவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடியாமல் இருந்திருக்கிறார். காலையில் அவர் கை நடுங்கியதை நான் கண்டேன். தாதியாகிய நான் கண்டும் வாய் திறக்கவில்லை. விசுவாசத்தில் குறுக்கிடுகிறாள் என்று சொல்வார்களோ என்ற வெட்கம். அன்ரி பிழைத்தார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் தோள் எலும்பு முறிந்தது; இன்றும் அந்தக் கையை உயர்த்தித் தலைவார அவரால் முடியாது.

கதிர் கொய்த சீஷர்களைப் பற்றி மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நாம் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! அன்று எனக்கு அதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

போதகர் ஐயாவிடம் பேசிவிட்டேன், சம்மதித்தார். அடுத்த உபவாச ஜெபத்துக்கு வரும்போது உங்கள் குளிசைப் பெட்டியையும் கொண்டுவாருங்கள். யார் கேட்கிறார்கள் என்று பார்த்துக் கூச்சப்படவேண்டாம். நான் மண்டபத்தின் பின்வரிசையில், வெந்நீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் குளுக்கோமீற்றரோடு இருப்பேன்.