காட்டில் இரண்டு இரவுகள்



நான் மீஞ்சூர்வாசி. எங்கள் வீட்டு மாடியில் நின்று பார்த்தால், பனைமரங்களுக்கும் மேலே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். இத்தகைய ஊரான் வனத்தைப் பற்றிப் பேச வந்தது எவ்வாறு என்று நீங்கள் கேட்கலாம். காட்டை அறியாதவனாகவே நான் காட்டுக்குள் போனேன். அழைத்துச் சென்றவர்களைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறினால், கேரள எல்லையில் தேக்கடி வரும். அங்கேதான் பெரியாறு புலிகள் காப்பகம் இருக்கிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீர், காட்டுப் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்து ஏரியாயிற்று. அன்று மூழ்கிய மரங்களின் கருத்த தண்டுகள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன. அவற்றின்மீது நீர்க்காகங்கள் இறக்கை விரித்து வெயில் காய்கின்றன. 1978இல் இக்காடு புலிகள் காப்பகமாயிற்று.

படகில் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புவோர் பலர். காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்குவோர் சிலரே. அதற்கான பயணத்துக்குப் ‘புலித்தடம்’ என்று பெயர். வழிகாட்டிகள் சிலரும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் முன்னும் பின்னும் வர, எங்கள் சிறு குழு புறப்பட்டது.

அவ்வழிகாட்டிகள் யார் தெரியுமா? அக்காட்டிலேயே திருடியவர்கள்! வயணை என்று மலையாள நாட்டில் வழங்கும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை இரகசியமாக உரித்து விற்றவர்கள். 1990களில், உலக வங்கியின் உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, அவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் அத்தொழிலைக் கைவிட்டு வனத்துறையோடு சேர்ந்தனர். பயணிகள் தரும் கட்டணத்திலிருந்து அவர்களுக்கு வருவாய் கிடைக்கிறது. அவர்கள் காட்டையும் காவல் புரிகிறார்கள்.

அட்டைகளைப் பற்றி நெடுநேரம் பேசலாம். முழங்கால் வரை கட்டிக்கொள்ளத் துணியுறை தந்தார்கள். அதையும் மீறி இரண்டு அட்டைகள் என்னைச் சுவைத்துப் பார்த்தன என்பதோடு விட்டுவிடுகிறேன்.

முதல்நாள் பிற்பகலில், முன்னே சென்ற முதிய வழிகாட்டி ஓர் அடிமரத்தருகே நின்றார். “இது நான் வெட்டியது, சார்,” என்றார். குரலில் பெருமையும் இல்லை, அழுகையும் இல்லை. மரத்தின் இலைகள் ஆக்கும் உணவு, பட்டையின் உட்புறத் திசு வழியாகவே வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் வேர் பட்டினியால் மாளும். தாவரவியல் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் படிக்காமலே அறிந்திருந்தார். அந்த அடிமரத்தின் பக்கத்தில் மெல்லிய தளிர்கள் நான்கு கிளம்பியிருந்தன. அவற்றைத் தொடாமல் அவர் சுற்றிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை நான் ஒரு பிழை செய்தேன். புல்வெளியைப் படம்பிடிக்கும் ஆவலில் வரிசையை விட்டு முன்னே விரைந்தேன். பின்னிருந்து ஒரு கை என் தோளை அழுத்தியது. பெரியவர் வாய் திறக்கவில்லை. மூக்கைத் தொட்டுக் காட்டினார். எனக்கு ஈரமண் வாசனையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரத்தில் ஈற்றைப் புதர் முறியும் ஓசை கேட்டது. குட்டியுடன் ஒரு யானை! காற்று அதனிடமிருந்து எங்களை நோக்கி வீசியதால் எங்கள் வாடையை அது உணரவில்லை. ஓசையின்றிப் பின்வாங்கினோம்.

“இந்த மோப்பம் எப்படி வந்தது?” என்று பிறகு கேட்டேன்.

“காவலர் பீடிப் புகையை மோந்து ஓடிப் பழகினது, சார்,” என்றார். உடன்வந்த வனக்காவலர் சிரித்துவிட்டார்.

அன்றிரவு, முகாமில் தீ மூட்டிக் காவலிருந்தார்கள். உறக்கம் வராமல் நானும் அருகே அமர்ந்தேன். பயணிகள் வராத காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். 2020இல் நாடெங்கும் பூங்காக்கள் அடைக்கப்பட்டது நினைவிருக்கும் அல்லவா?

“வயிறு பழையதைத்தான் சொல்லும். கேட்கக் கூடாதுன்னு இருந்தோம்,” என்றார்.

மகனுக்கு இத்தொழிலைக் கற்பித்தீர்களா என்று வினவினேன். அவர் விறகொன்றைத் தள்ளிவைத்தார்.

“பட்டை வெட்டக் கத்துக் கொடுக்கக் கூடாதுன்னு அவனைக் காட்டுக்கே கூட்டி வரலை. அதனால வழியும் அவனுக்குத் தெரியாமப் போச்சு. இப்போ கும்மிடிப்பூண்டியிலே ஒரு கம்பெனியிலே இருக்கான். உங்க ஊர் வழியா ரயில் போகும்னு சொல்லுவான், மீஞ்சூர்தானே, சார்?”

ஆம் என்றேன். மறுகரையில் மிளா ஒன்று கத்தியது. அவர் எழுந்து, காற்று எத்திசையிலிருந்து வருகிறதென்று பார்க்க, சிட்டிகைச் சாம்பலை எடுத்துத் தூவினார்.